விளிம்பு உடையாத முத்திரை

ஒசாகா
1998 மார்ச் 9

தேக்சுவுக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதப் போவதில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை கடையில் மதியக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு பதிவுத் தபாலைக் கொடுத்தார். கை முழுக்க மாவு. துடைத்துவிட்டுப் பிரித்தேன். ஜேஜூவிலிருந்து, நம் ஊர்க் கடன் சங்கம் அனுப்பியது. கூபோமின் ஆரஞ்சுப் பெட்டி கட்டுகிற கொட்டகை வாங்கிய ஆறு கோடியே நாற்பது லட்சம் வோன் கடன் திரும்பவில்லையாம். அதற்கு ஜாமீன் நின்றவர் ஹ்யோன் இல்சூன், அதாவது நான். ஆகையால் நம் ஆரஞ்சுத் தோட்டத்தில் என் பெயரில் இருக்கும் பாதியை ஜூன் 25 அன்று ஏலம் விடுவார்களாம். பத்திரம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது 1996 நவம்பரில் என்று போட்டிருக்கிறது.

கூபோமை நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் உன் சிநேகிதன், என் சிநேகிதன் இல்லை. 1996-இல் அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நம் ஊரில் முத்திரைதான் கையெழுத்து. என் முத்திரை உன் பெட்டியில் இருந்தது. நில வரிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இரண்டு பேர் முத்திரையும் வேண்டும், அதற்காக ஒவ்வொரு தடவையும் கடல் தாண்டி வர முடியாது என்று உன்னிடம் விட்டுவந்தேன். வெளியூர் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் விட்டுவைக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படித்தான் ஆகிறதோ என்னவோ.

உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? அறுபத்தெட்டில் சித்தப்பாவின் படகுக்கு அப்பா ஜாமீன் போட்டார். படகு போனது. கடலோர பார்லி வயல் போனது. அடுத்த வருஷம் பதினெட்டு வயதில் நான் போனேன், இந்த ஊருக்குச் செருப்பு ஒட்ட. செருப்பு ஒட்டி அனுப்பிய பணத்தில்தான் எழுபத்தாறில் அந்தத் தோட்டம் வந்தது. அப்பா தன் பெயரில் ஒரு பிடி மண் வைத்துக்கொள்ளவில்லை. பாதி உனக்கு, பாதி எனக்கு. ஜாமீன் கேட்டு எவனும் தன் வாசலுக்கு வரக்கூடாது என்பதுதான் காரணம். இடி விழுந்த இலந்தை மரத்தில் ஒரே துண்டிலிருந்து நம் இருவருக்கும் முத்திரை செதுக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பெத்த அப்பனே வந்து கேட்டாலும் ஜாமீனுக்கு மட்டும் இத வெளிய எடுக்கக் கூடாது." நீ தலையாட்டினாய். பத்திரப் பதிவுக்கு வந்திருந்த நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வெள்ளைத் தாளில் என் முத்திரையைப் பதித்து உடனே அனுப்பு. பதினைந்து நாளில் வரவில்லையென்றால் தூதரகம் வழியாகப் போலீஸில் புகார் கொடுப்பேன். உடன்பிறந்தவன் என்று பார்க்க மாட்டேன்.

இல்சூன்


ஜேஜூ
1998 மார்ச் 20

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போய்விட்டாள். மூன்று நாளாகச் சாப்பாடு போடும்போது தட்டை என் முன்னால் வைக்கிற சத்தம் வேறு மாதிரி இருக்கிறது. நீங்கள் அங்கிருந்து அனுப்பிய பரிசு இது.

கேட்டபடி உங்கள் முத்திரையைப் பதித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். இடது கீழ் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள், நகர அலுவலகத்தின் கல்படியில் உங்கள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. "உடைஞ்சா உடையட்டும், இந்த ஊரோட எனக்கு என்ன வேலை" என்று அதை எடுக்காமலே நடந்தவர் நீங்கள். குனிந்து எடுத்தவன் நான்.

சங்கத்துக்குப் போனேன். எழுத்தர் பையனின் அண்ணனும் நானும் ஒரே படையில் இருந்தவர்கள். "அண்ணே, உங்களுக்காகத்தான் காட்டுறேன், நகல் தரமாட்டேன்" என்று ஜாமீன் பக்கத்தில் மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு, முத்திரையை மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிடித்துக் காட்டினான். உங்கள் முத்திரைதான். செதுக்கிய எழுத்தும் அதுவேதான். ஆனால் விளிம்பு முழுசாக இருக்கிறது. உடைப்பு இல்லை. என் பெட்டியில் இருக்கிற முத்திரையை வைத்து அப்படிப் பதிக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் நூறு தடவை வேண்டுமானாலும் குத்தி அனுப்புகிறேன்.

அப்படியானால் இன்னொரு முத்திரை இருக்கிறது. அதை நான் செய்யவில்லை. போன இலையுதிர்காலத்தில் கல்லறைப் புல் வெட்ட நீங்கள் உங்கள் வீட்டுக்காரரோடு வந்தீர்கள். பதினான்கு வருஷக் கல்யாணத்தில் அவர் முதல் தடவையாக நம் மண்ணை மிதித்தார். புல் வெட்டினாரோ இல்லையோ, தோட்டத்தைக் கோடிக்குக் கோடி நடந்து பார்த்தார். "இங்க ஒரு பியோங் நெலம் என்ன விலை போகுது?" என்று உங்களை விட்டு என்னிடம் கேட்கச் சொன்னார். அடுத்தவன் மண்ணின் விலை சமையற்காரனுக்கு எதற்கு? ஒசாகாவில் எந்த முத்திரையையும் அரை நாளில் செதுக்கிக் கொடுக்கிற கடைகள் உண்டு என்று நீங்களே ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

கூபோம் பிப்ரவரியிலிருந்து ஊரில் இல்லை. எங்கே என்று யாருக்கும் தெரியாது. கொட்டகையில் பூட்டு தொங்குகிறது. இங்கே தெருவுக்கு இரண்டு பூட்டு அப்படித் தொங்குகிறது. நாட்டுக் கடனை அடைக்கத் தங்கம் கொடுங்கள் என்று டிவியில் கேட்டபோது மகளின் முதல் பிறந்தநாள் மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்தவன் நான். அக்காவின் நிலத்தைத் திருடுகிறவன் அப்படிக் கொடுப்பானா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் மோட்டார் உங்கள் பாதியில் இருக்கிறது. அப்பாவும் உங்கள் பாதியில்தான், எல்லையோரமாகப் படுத்திருக்கிறார். ஏலம் நடந்தால் இரண்டும் போகும். புகார் கொடுப்பதென்றால் கொடுங்கள்.

தேக்சு


ஒசாகா
1998 ஏப்ரல் 6

தேக்சு,

முத்திரை அச்சு வந்தது. உடைப்பைப் பார்த்தேன். அதற்காக உன்னை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. முழு விளிம்போடு இன்னொன்று செய்வது உனக்கும் கஷ்டமில்லை. ஜேஜூவில் செதுக்குகிறவர்கள் இல்லையா?

"நீங்கள்" என்று எப்போதிலிருந்து? என் முதுகில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பையன் "நீங்கள்" என்று எழுதுகிறான். நன்றாக இருக்கிறது.

லின்னைப் பற்றி எழுதினாயே, அந்தச் சமையற்காரன் யாரென்று உனக்கு யாரும் சொன்னதில்லை. நீங்கள் யாரும் கேட்டதும் இல்லை. இப்போது கேள்.

நான் இங்கே வந்து பத்து வருஷம் செருப்புப் பட்டறையின் பரணில்தான் படுத்தேன். பசை நாற்றம் தலைமுடியை விட்டுப் போகாது. வாடகைக்கு அறை கேட்டுப் போனால் வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் கேட்டார்கள்: ஹோஷோ. ஜாமீன். அப்பாவின் வயலைத் தின்ற அதே சொல். நாம் போஜுங் என்போம், இவர்கள் ஹோஷோ என்பார்கள், சீன எழுத்தில் எழுதும்போது அதே இரண்டு எழுத்து. கடலைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்று வந்தவளுக்கு முன்னாலேயே அது வந்து உட்கார்ந்திருந்தது. கொரியாக்காரிக்கு யார் ஜாமீன் போடுவார்கள்? பட்டறை முதலாளியிடம் கேட்டேன், சிரித்தார்.

தெருமுனை நூடுல்ஸ் கடையில் லின் வேலை செய்துகொண்டிருந்தார். நான் எதற்கோ அழுவதைப் பார்த்து விஷயம் கேட்டார். சொன்னேன். அவர் ஈர விரலாலேயே மேசையில் அந்த இரண்டு எழுத்தையும் எழுதினார். "எங்க பாஷையில பாவ்ஜெங். என் அப்பா இதாலதான் சீனாவுல ஃபூஜியனை விட்டு ஓடி வந்தாரு" என்றார். அடுத்த நாள் வீட்டுக்காரரிடம் போய் எனக்கு ஜாமீன் போட்டுவிட்டு வந்தார். அப்போது என் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். "சீனனக் கட்டிக்கிட்டா இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அப்பா எழுதினார். மிதிக்கவில்லை, அவர் சாகும்வரை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் உனக்குச் செய்கிற துரோகமாகாது, எனக்கே செய்கிற துரோகமாகும். அந்தப் பதிவுத் தபாலை அன்றே லின்னிடம் காட்டினேன். வாங்கிப் படித்தார். மடித்தார். "யாரு இது கூபோம்?" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "காங் வீட்டு ஆளா?" என்றார். தபாலில் கொட்டகையின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, கூபோமின் குடும்பப் பெயர் காங் என்று இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால், "நீதான் என்னிக்கோ சொல்லியிருக்க" என்கிறார். நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து சூப்புப் பானையைக் கிளறுகிறார், கிளறிக்கொண்டே இருக்கிறார். நேற்று முதல்முறையாக எலும்புச் சாறு அடிப்பிடித்தது. முப்பது வருஷச் சமையற்காரர்.

நீ பார்த்தது ஒரு பக்கம்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றின் நகலும் வேண்டும். படை நட்பையெல்லாம் நம்பாதே, பணம் கட்டி ரசீதோடு வாங்கு. நீ படிப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு என்று எழுதலாம் என்று பார்த்தேன். நீ படிக்காமல் அனுப்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

இல்சூன்


ஜேஜூ
1998 மே 2

அக்காவுக்கு,

ரசீதோடு வாங்கினேன். பதினொரு பக்கம். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். மூன்றாவது பக்கத்தை உட்கார்ந்துகொண்டு பாருங்கள்.

1996 தேதி புதுப்பித்ததற்கு மட்டும்தான். அதில் இருப்பது கூபோமின் முத்திரை ஒன்றுதான். ஜாமீன்காரர் மறுபடி முத்திரை வைக்கத் தேவையில்லையாம். முதல் தடவை போட்ட ஜாமீனுக்கு முடிவுத் தேதியே எழுதவில்லை. கடன் வளர வளர அதுவும் கூடவே வளரும், கொட்டகை அப்பனிடமிருந்து மகனுக்குப் போனால் அதுவும் கூடவே போகும். அந்த முதல் தாள்தான் மூன்றாம் பக்கம். தேதி 1985 செப்டம்பர் 20. முத்திரை உடைவதற்கு எட்டு வருஷம் முன்பு. வாங்கியவர் கூபோமின் அப்பா. போலி முத்திரை என்று உங்கள் வீட்டுக்காரர்மேல் நான் எழுதியது தப்பு. அது இலந்தை முத்திரையேதான்.

முத்திரைக்கு மேலே உங்கள் பெயரும் முகவரியும் பேனாவில் எழுதியிருக்கிறது. யார் கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று என்ற எண்ணைக் குச்சி மாதிரி நீட்டி, கீழ்க்கோட்டைத் தாண்டி இழுக்கிறவர் நம் வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

அப்பாவா? ஜாமீன் என்ற பேச்சு எடுத்தாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவர். என் கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்தபோது யாரோ "தேக்சு ஜாமீன்" என்று விளையாட்டாகச் சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசாதவர்.

கூபோமின் அம்மாவிடம் போனேன். கிழவி கதவுக்குப் பின்னால் நின்றபடி, "கூபோம் எங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "சித்தி, நான் அதுக்கு வரல. எண்பத்தஞ்சுல எங்க அப்பா இங்க வந்தாரா?" என்றேன். கதவைத் திறந்தாள். பிறகு வெளியே வந்து முற்றத்துக் கல்சுவரைக் காட்டினாள்.

"வந்தாரு. உள்ள வாங்கன்னு எங்க வீட்டுக்காரரு கெஞ்சினாரு. வரல. நின்ன நெலையிலயே காகிதத்தச் சுவத்து மேல வெச்சுக் குத்தினாரு. எதுக்குன்னு ஆம்பளைங்க எங்கிட்டச் சொல்லல. குத்தி முடிச்சிட்டுக் கையில இருந்த சிவப்பு மையை இந்தச் சுவத்துல தேய்தேய்னு தேய்ச்சாரு. தோல் உரிஞ்சிடும்போல இருந்துச்சு. ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிட்டாரு."

கறை இருக்கிறதா என்று தேடினேன். பதின்மூன்று வருஷ மழை. ஒரு குழிக்குள் மட்டும் கொஞ்சம் இருந்தது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றியது.

இனிமேல் கேட்கப்போவதுதான் கேள்வி. தோராயமாகப் பதில் எழுதாதீர்கள். அப்பா எழுதியிருக்கிற முகவரி நீங்கள் அந்த வருஷம் பிடித்த கடையின் முகவரி. கதவு எண் உட்பட. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு வரி எழுதியதில்லை என்று எப்போதும் சொல்வீர்கள். அப்படியானால் அந்த எண் அவருக்கு எப்படித் தெரிந்தது? என் முத்திரையும் அதே பெட்டியில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு உங்களுடையதை ஏன் எடுத்தார்? நீங்கள் எனக்குத் தெரியாமல் அவருக்கு எழுதினீர்களா? எதையாவது கேட்டீர்களா? கேட்டு வாங்கிவிட்டு, இப்போது கடன் கழுத்துக்கு வந்ததும் தம்பி திருடன் என்கிறீர்களா?

ஐம்பத்து நான்கு நாள் இருக்கிறது.

தேக்சு


(அஞ்சலட்டை)
ஒசாகா, மே 11

அது அப்பாவின் கை. நான் அவருக்கு எழுதவில்லை. எதன்மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். லின்னிடம் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். கடையை மூடிவிட்டு வெளியே போனவர் இன்னும் வரவில்லை. பிறகு எழுதுகிறேன். இ.


ஒசாகா
1998 மே 14

தேக்சு,

அவர் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். காங் பெரியவரின் சமாதிக்குப் போயிருந்தாராம். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நான் இரண்டு நாள் நம்பவில்லை.

காங் பெரியவரை உனக்குத் தெரியாது. நம் ஊர்க்காரர், கூபோமுடைய அப்பாவின் அண்ணன். இங்கே செருப்புத் தொழிற்சாலை வைத்திருந்தார். எண்பத்தைந்தில் லின் சொந்தக் கடை பிடிக்கப் பார்த்தபோது கட்டடக்காரரும் வங்கியும் ஜாமீன் கேட்டார்கள். ஏழு மாதம் அலைந்தோம். சீனனும் கொரியாக்காரியும் சேர்ந்து நடத்துகிற கடைக்கு இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. பிறகு ஒருநாள் காங் பெரியவர் தானாகவே வந்து "நான் போடுறேன்" என்றார். ஊர்ப்பாசம் என்று நினைத்தேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அரிசிப் பணியாரம் எடுத்துக்கொண்டு போய் அவர் காலில் விழுந்து எழுந்தேன். எட்டு வருஷம், அவர் சாகும்வரை. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடக்கமான மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் அறுவடைப் பண்டிகைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே காங் பெரியவர் ஜேஜூ வந்திருக்கிறார். அப்பா அவர் வீட்டுக்கு ஒரு கூடை மீன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மீனைக் கொடுத்துவிட்டு மழை, மீன் விலை எல்லாம் பேசினாராம். கடைசியில், "எம் பொண்ணு சோத்துக்கு என்ன பண்றா?" என்று கேட்டாராம். காங் பெரியவர் கடை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "நீ போட்டா ஆகாதா?" என்றாராம் அப்பா. "போடலாம். என் தம்பி இங்க கொட்டகைக்கு ஜாமீன் தேடிக்கிட்டிருக்கான். நீங்க அவனுக்குப் போட்டா, நான் உங்க மருமகனுக்குப் போடுறேன்" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ஜாமீனுக்கு ஜாமீன். நம் ஊரில் தினமும் நடக்கிறதுதான். முகவரியைக் கொடுத்ததும் அவர்தான்.

அப்பா பெயரில் மண் இல்லை. அவர்தான் இல்லாமல் செய்துகொண்டாரே. ஆகவே பெட்டியைத் திறந்தார். எனக்காகப் போடுகிற ஜாமீனுக்கு உன் பாதியைத் தொடவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

காங் பெரியவர் இதை லின்னிடம் மட்டும் சொன்னாராம், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை அப்பாவுடையது: "அவகிட்டச் சொல்லக் கூடாது. சொன்னா முகத்துல வீசியெறிஞ்சிட்டுப் போயிடுவா." மாமனார் ஊரில் ஏதோ ஜாமீன் போட்டிருக்கிறார் என்பது வரைதான் லின்னுக்குத் தெரியும். என் முத்திரையை வைத்து, என் நிலத்தின்மேல் என்பது அந்தத் தபாலைப் பார்த்தபோதுதான் புரிந்ததாம். போன வருஷம் மண் விலை கேட்டது, அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில், உன் பாதியில், எங்கள் இருவருக்கும் ஓர் இடம் வாங்க முடியுமா என்பதற்காம். அதையும் இப்போதுதான் சொல்கிறார்.

வீசியெறிந்திருப்பேன், தேக்சு. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றில் சடங்குக்கு வந்தபோது நான் அழவில்லை. ஊரே பார்த்தது. நீயும் பார்த்தாய். வைராக்கியமாக நின்றேன். இந்தக் கடையில் நின்று பதின்மூன்று வருஷமாக நான் கொதிக்க வைத்த ஒவ்வொரு பானைக்கும் அடியில் அவர் கை இருந்திருக்கிறது. இப்போது அழுது என்ன ஆகப்போகிறது, ஆனாலும் அழுகிறேன். பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

உன்னைத் திருடன் என்று எழுதினேன். அந்த வார்த்தையை அப்படியே எழுதவில்லை, ஆனால் எழுதினேன்.

அக்கா


ஜேஜூ
1998 மே 30

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய் அப்பாவின் கல்லறைச் சுவரில் சாய்ந்துகொண்டு படித்தேன். இரண்டாவது தடவை சத்தமாகப் படித்தேன். மருந்து அடித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது கோபம். ஒரே பெட்டியில் இரண்டு முத்திரை. எனக்காக அவர் தன் சொல்லை ஒரு தடவைகூட உடைக்கவில்லையே என்று. நாற்பத்தொரு வயது ஆளுக்கு இப்படி ஒரு பொறாமை. என் மனைவியிடம் சொன்னேன், சிரித்தாள். சாப்பாட்டுத் தட்டின் சத்தம் சரியாகிவிட்டது.

இப்போது வேலையைப் பார்ப்போம். இருபத்தாறு நாள்தான் இருக்கிறது. சங்கத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் போய் எல்லாவற்றையும் வைத்தேன். அவர் சொன்னது: "அவங்களுக்குத் தெரியாம முத்திரை குத்தினதுன்னு புகார் குடுத்தா ஜாமீன் செல்லாது, பாதித் தோட்டமும் தப்பிச்சிடும். ஆனா யாரு குத்தினதுன்னு ஒரு பேரு வேணும். செத்தவர் பேரை எழுதினா கையெழுத்தச் சோதி, சாட்சியக் கூப்பிடுன்னு ரெண்டு வருஷம் இழுப்பாங்க, அதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும். உசுரோட இருக்கிறவன் ஒத்துக்கிட்டா பத்து நாள்ல முடிஞ்சிடும்."

அதனால் நான் குத்தியதாக எழுதிக் கொடுங்கள். எண்பத்தைந்தில் எனக்கு இருபத்தெட்டு வயது, பெட்டியின் சாவி எட்டுகிற தூரத்தில் இருந்தது, கூபோம் என் சிநேகிதன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நீங்களே சந்தேகப்படவில்லையா? சில மாதம் உள்ளே போட்டாலும் போடுவார்கள், அல்லது அபராதத்தோடு விடுவார்கள். மனைவி சம்மதித்துவிட்டாள். அப்பாவின் பெயர் போலீஸ் காகிதத்தில் திருட்டு முத்திரைக்காரர் என்று ஏறக் கூடாது. அவர் படுத்திருக்கிற மண்ணையும் எவனோ வந்து ஏலத்தில் எடுக்கக் கூடாது.

புகார்த் தாளை அவரே எழுதிவிட்டார். இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். தாமதிக்காதீர்கள்.

தேக்சு


ஒசாகா
1998 ஜூன் 12

தேக்சு,

முதல் கடிதத்தில் உன்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று எழுதினேன். இப்போது "பிடித்துக் கொடு" என்று நீயே தாளை அனுப்புகிறாய். நம் குடும்பத்தில் யாருக்காவது நேராக யோசிக்கத் தெரியுமா?

அந்தப் புகார்த் தாளில் நூடுல்ஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை லின்னும் நானும் தூதரகத்துக்குப் போனோம். அங்கே ஒரு வாக்குமூலம் எழுதினேன். மூன்றே வரி. 1985 செப்டம்பர் 20 அன்று என் முத்திரையை என் அப்பா என் சம்மதத்தோடுதான் வைத்தார், அந்தக் கடன் என்னுடையது, நான் கட்டுகிறேன். அதிகாரி சின்னப் பையன். பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, சம்மதம் எப்போ குடுத்தீங்க? தேதி போடணும்" என்றான்.

"இப்போ" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்பவேன்னு போட்டுக்கப்பா" என்றேன். அவனும் போட்டுக்கொண்டான். முத்திரை குத்தி, கூடவே ஒரு காகிதக் கைக்குட்டையும் கொடுத்தான்.

சங்கத்து மேலாளரிடம் போனில் பேசிவிட்டேன். பாதியை இப்போதே கட்டினால் ஏலத்தை நிறுத்துவாராம். கையில் இருந்த சேமிப்பை அனுப்பிவிட்டோம். மிச்சத்தை எட்டு வருஷத் தவணையில் கட்ட வேண்டும். மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். லின் காலையில் வேறொரு கடைக்கு மாவு பிசையப் போகிறார். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இதில் ஒரு சந்தோஷம், விசிலடித்துக்கொண்டு போகிறார். மாமனாரிடம் பட்ட கடனாம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. மேலாளர் கடைசியாகச் சொன்னது: "தவணைக்கு மாத்துறதுன்னா புதுப் பத்திரம்க்கா. உள்ளூர்ல ஒரு ஜாமீன் வேணும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்தேன். எழுபத்தாறில் நாம் இரண்டு பேரும் தலையாட்டியது கண் முன்னால் வந்தது.

கேட்கத் தகுதி இல்லாதவள்தான். உன்னைக் கள்ளன் என்றவள். ஆனாலும் ஊரில் எனக்கு வேறு ஆள் இல்லை, இருந்தாலும் வேறு யாரிடமும் கேட்க மாட்டேன். உன் பாதியின்மேல் போட வேண்டிவரும். மனைவியிடம் கேட்டுக்கொள். மனமில்லை என்றால் வராதே, நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் எழுத மாட்டேன்.

வர மனமிருந்தால் இருபத்து மூன்றாம் தேதிக்குள் உன் முத்திரையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போ.

அக்கா


ஜேஜூ
1998 ஜூன் 22

அக்கா,

போட்டுவிட்டேன்.

மனைவியிடம் கேட்டேன். "இத்தனை மாசம் பொறுத்தேன், இனி எட்டு வருஷம்தானே" என்றாள். சங்கத்துக்குப் போகும் வழியில், முதல் ஆரஞ்சு அறுவடையில் ஒரு பெட்டி லின் மச்சானுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். மச்சான் என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, கவனித்திருப்பாய். எனக்கிருக்கிற ஒரு மச்சானுக்கு இடத்தை விலைக்கு விற்க மாட்டேன். அப்பாவின் வலப்பக்கம், என் பாதியில், காலியாகத்தான் இருக்கிறது.

பத்திரத்தில் "கடன் வாங்கியவருக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பி என்று எழுதினேன். எழுத்தர் பையன், "அண்ணே, நல்லா யோசிச்சீங்களா? அக்கா வெளிநாட்டுல இருக்காங்க. நாளைக்குக் கட்டலன்னா உங்க தலைதான் உருளும்" என்றான். "கட்டலன்னா ஒசாகா போயி அவ கடையிலயே உக்காந்து எட்டு வருஷம் நூடுல்ஸ் தின்பேன்" என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தவணை தவறினால் நிஜமாகவே வருவேன், நினைவிருக்கட்டும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது உன் முத்திரையும் என்னுடையதும் ஒன்றாகக் கையில் வந்தன. உன்னுடையது உடைந்தது, என்னுடையது முழுசு. இருபத்திரண்டு வருஷத்தில் என்னுடையது வரிக்கும் தண்ணீருக்கும் தவிர எதற்கும் வெளியே வந்ததில்லை. குத்தியது கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. செல்லும் என்றான்.

விரலில் சிவப்பு மை நன்றாக ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துணி கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். நேராகத் தோட்டத்துக்குப் போய், அப்பாவைச் சுற்றியிருக்கிற கல்சுவரில் தேய்த்தேன். கல்லறைப் புல் வெட்ட வரும்போது மச்சானையும் கூட்டிக்கொண்டு வா, காட்டுகிறேன்.

தேக்சு